கணக்கை உதைத்த குதிரைகள்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரு ரேஸ் கோர்ஸ் அகப்படாது. மற்றதெல்லாம் அகப்படும். செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டை அகப்பட்டது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. காரைக்குப் போனால் கடல் பிராணிகளின் ஓடு காலை இடறும். இங்கே கடல் அலையடித்த காலத்தில் குதிரை என்ற பிராணியே பூமியில் பிறக்கவில்லை. ஆகவே நம் வட்டாரத்தில் குதிரைப் பந்தயம் தொடங்கத் தாமதமானதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. அதற்குப் பிறகான ஆறரைக் கோடி ஆண்டுத் தாமதத்துக்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

குதிரைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. எத்தனையோ ஊர் எல்லையில் அய்யனாருக்குக் குதிரை நிற்கிறது. மண்ணில் செய்தது, செங்கல்லில் எழுப்பியது, சிமென்டில் வார்த்து நீலமும் மஞ்சளும் அடித்தது என்று தினுசு தினுசாக. கண்ணை உருட்டிக்கொண்டு, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கொள்ளு கேட்காது, லாடம் கேட்காது, ஓடாது. தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் யாருக்கும் பாக்கி வைக்காத குதிரை இது ஒன்றுதான். மற்றபடி நாலு கால் பாய்ச்சலில் கிளம்பிய குதிரை எதுவானாலும், முதல் உதை கஜானாவுக்குத்தான்.

ஆதாரம் வேண்டும் என்பவர்கள் மதுரையிலிருந்து தொடங்கலாம்.

அரிமர்த்தன பாண்டியனுக்குக் குதிரை தேவைப்பட்டது. அமைச்சர் வாதவூரரிடம் பணத்தைக் கட்டிக் கொடுத்து, கடற்கரையில் அரபுக் குதிரை இறங்கியிருக்கிறது, பார்த்து வாங்கி வா என்று அனுப்பினான். டெண்டர் இல்லை, மூன்று இடத்தில் விலை விசாரித்த சீட்டு இல்லை, முன்பணம் மட்டும் முழுசாகப் போய்விட்டது. வாதவூரர் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டார், உருகினார், மாணிக்கவாசகர் ஆனார். தமிழுக்குத் திருவாசகம் கிடைத்தது. பணம் கோயில் திருப்பணிக்குப் போனது. குதிரை மட்டும்தான் வரவில்லை.

அரண்மனையிலிருந்து ஓலை வந்தது. எங்கே குதிரை? ஆவணி மூலத்தன்று வரும் என்று பதில் போயிற்று. சொன்ன நாளில் வந்தும் விட்டது. சிவபெருமானே குதிரைச் சேவகனாக முன்னால் வர, பின்னால் பளபளவென்று ஒரு பட்டாளம். மன்னன் பார்த்தான், மயங்கினான், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டிருப்பான். ராத்திரியானதும் வந்த குதிரையெல்லாம் நரியாகி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த அசல் குதிரைகளையும் கடித்துவிட்டுக் காட்டுக்குப் போயின. வாங்கிய சரக்கு போனதோடு பழைய இருப்பும் குறைந்தது. அரசாங்கக் கொள்முதல் வரலாற்றில் இதை மிஞ்சிய தணிக்கை ஆட்சேபணை இன்றுவரை எழுதப்படவில்லை. அமைச்சரை வைகை மணலில் வெயிலில் நிறுத்தினார்கள். ஆறு பொங்கி வந்தது. அப்புறம் பிட்டு, பிரம்படி என்று கதை வேறு பக்கம் போய்விட்டதால் பணம் வசூலாகவில்லை.

இது புராணம், விட்டுத்தள்ளுங்கள் என்பவர்களுக்கு மார்க்கோ போலோ இருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய இந்த வெனிஸ்காரர் நம்மவர்களின் குதிரை வளர்ப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பாண்டிய அரசர்கள் ஐந்து பேர். ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைக்குமேல் வாங்குகிறார்கள். வருஷக் கடைசியில் நூறுகூடத் தேறுவதில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். காரணத்தையும் எழுதினார். குதிரைக்கு அரிசிச் சோறும் இறைச்சியும் ஆக்கிப் போட்டார்களாம். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையைக் குதிரைக்கும் செய்திருக்கிறார்கள், அது செத்துப்போனது. லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லை. குதிரை விற்கிற அரபு வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆட்களை இந்தப் பக்கம் வரவே விடுவதில்லையாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷ வியாபாரம் என்னாவது?

பாரசீகத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் ஒரு படி மேலே. அந்தக் கால ஒப்பந்தத்தில், கப்பலில் வருகிற வழியில் குதிரை செத்தாலும் அதற்கான விலையைப் பாண்டியன் கஜானாவிலிருந்து கொடுத்துவிட வேண்டும் என்று இருந்ததாம். வந்த குதிரை சோறு தின்று சாகும். வராத குதிரை கடலில் சாகும். இரண்டுக்கும் தங்கம் போகும். சோழ நாட்டிலும் குதிரை வியாபாரம் கொழித்தது. குதிரைச் செட்டிகளின் பெயர் கல்வெட்டுகளில் இருக்கிறது. பெரும்பாலும் கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களாக. கொடை கொடுக்கும் அளவுக்கு லாபம் எங்கிருந்து வந்தது என்பதைக் கல்வெட்டில் வெட்டவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்து லாயத்தில் என்ன சமைத்தார்கள் என்பதும் கல்லில் ஏறாததால் அரியலூர்க்காரர்கள் தப்பித்தார்கள்.

பெரம்பலூர்க்காரர்கள் தப்பிக்க முடியாது. நம் வட்டாரத்தில் நடந்த ஒரே பெரிய பந்தயம் 1751இல், வாலிகண்டபுரம் ரஞ்சன்குடிப் பக்கத்தில். திருச்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகிறவர்கள் மங்கலமேடு நெருங்கும்போது சன்னலோரம் ஒரு கோட்டை தெரிகிறதே என்று பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்குகிறார்களே, அதே ரஞ்சன்குடிதான்.

ஆற்காட்டு நவாபு பதவிக்கு இரண்டு குதிரை ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒன்று சந்தா சாகிபு. அவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். இன்னொன்று திருச்சிக் கோட்டையில் உட்கார்ந்திருந்த முகமது அலி. அவருக்குப் பின்னால் ஆங்கிலக் கம்பெனி. சந்தா சாகிபு திருச்சியைப் பிடிக்க வருகிறார் என்றதும் கேப்டன் ஜின்ஜென்ஸ் என்பவரின் தலைமையில் கம்பெனிப் படை குறுக்கே வந்து நின்றது. முகமது அலியின் தம்பி அப்துல் வகாப் கானின் குதிரைப்படையும் கூட இருந்தது. எதிர்த்தரப்பில் சந்தா சாகிபின் குதிரைகள் ஆயிரக்கணக்கில். நடுவில் கோட்டை. கோட்டைக்குள் அதன் காவல் தலைவர், ஒரு கில்லேதார்.

இந்தக் கில்லேதாருக்குப் பெரம்பலூரில் ஒரு சிலை வைக்கலாம். தமிழ்நாட்டில் ரேஸுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் அவர்தான் மூத்த குரு. இரண்டு தரப்பும் அவரிடம் ஆள் அனுப்பியது. கோட்டையைக் கொடு, பணம் தருகிறோம், பதவி தருகிறோம் என்றது. அவர் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இவர் தூதரையும் உட்காரவைத்துப் பேசினார், அவர் தூதரையும் உட்காரவைத்துப் பேசினார். எந்தக் குதிரை முந்துகிறது என்று தெரியாமல் பணத்தை வெளியில் எடுப்பானா விவரமுள்ளவன்? இப்படியே இரண்டு வாரம் போயிற்று. இரண்டு படையும் வெயிலில் காய்ந்தன. அவர் நிழலில் இருந்தார்.

பொறுமை முதலில் கெட்டது ஜின்ஜென்ஸுக்கு. சாயங்காலமாகப் பார்த்துக் கோட்டையைத் தாக்கினார். பேட்டையைக் கொளுத்தினார்கள், கீழ்க்கோட்டைக்குள் நுழைந்தார்கள், மேலே கல்கோட்டையில் மோதிக்கொண்டு திரும்பினார்கள். கில்லேதாருக்கு இப்போது சந்தேகம் தெளிந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகச் சந்தா சாகிபுக்குச் சொல்லி அனுப்பினார்: வாருங்கள்.

விடிந்ததும் நடந்ததுதான் பந்தயம். எதிரிப்படை வருவதைப் பார்த்ததும் கம்பெனியின் வெள்ளைச் சிப்பாய்கள் திரும்பி ஓடத் தொடங்கினார்கள். இதைச் சொன்னது ஏதோ நாட்டுப்பற்றுள்ள தமிழ் வாத்தியார் இல்லை. கம்பெனியின் சொந்த வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம். கம்பெனிப் படையில் இருந்த நம்மூர்ச் சிப்பாய்களும் ஆப்பிரிக்க வீரர்களும் நின்று சுட்டுக்கொண்டிருக்க, துரைமார் மட்டும் ஓடியிருக்கிறார்கள். ஜின்ஜென்ஸ் மறித்துப் பார்த்தார், அவருடைய அதிகாரிகளில் டால்டன் மறித்துப் பார்த்தார், கில்பாட்ரிக் மறித்துப் பார்த்தார். அப்துல் வகாப் கான் குதிரையில் வந்து, இதுதான் உங்கள் வீரமா என்கிற பாணியில் வாங்கு வாங்கென்று வாங்கினார். கலிங்கத்துப் படை ஓடிய ஓட்டத்தை ரசித்து ரசித்துப் பாடிய ஜெயங்கொண்டார் மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் நமக்கு இரண்டாவது பரணி கிடைத்திருக்கும். அவருடைய பெயரைச் சொல்லும் ஊரும் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது.

மறித்தவர்களில் இன்னொருவரும் உண்டு. வயது இருபத்தைந்து, பெயர் ராபர்ட் கிளைவ். பின்னால் பிளாசியில் இந்தியாவையே அடித்து வாங்கப்போகிற ஆள், வாலிகண்டபுரத்தில் ஒரு சிப்பாயைக்கூடப் பிடித்து நிறுத்த முடியாமல் தவித்தார். படை அங்கிருந்து ஊட்டத்தூர், ஊட்டத்தூரிலிருந்து திருச்சி என்று பின்வாங்கிக்கொண்டே போயிற்று. இன்று சென்னை – திருச்சி நான்குவழிச் சாலையில் சுங்கம் கட்டிப் போகிற அதே திசையில், சுங்கம் கட்டாமல் போனார்கள்.

கிளைவ் அந்தப் படையில் பார்த்த உத்தியோகம் என்ன தெரியுமா? கமிசரி. படைக்கு வேண்டிய தானியம், தீவனம், சாமான்கள் வாங்கிக் கொடுத்துக் கணக்கு எழுதுவது. 1753இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது கையில் சுமார் நாற்பதாயிரம் பவுன் இருந்தது; அதில் பெரும்பகுதி இந்தக் கமிசரி வேலையில் சேர்ந்தது. படை ஓடினாலும் நின்றாலும் தீவனக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வாதவூரர் குதிரைப் பணத்தில் கோயில் கட்டினார், கிளைவ் குடும்பக் கடனை அடைத்தார். கஜானாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்படி உயிருக்குப் பயந்து ஓடிப் பழகிய துரைமார், கொஞ்சம் நிலைமை சீரானதும், அடுத்தவனை ஓடவிட்டு வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டார்கள். கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777 வாக்கில் தொடங்கியது என்பார்கள். மூன்று வருஷத்தில், 1780இல், ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையைச் சுற்றிய ஊர்களில் புகுந்து பரங்கிமலை வரைக்கும் வந்துவிட்டது. கிண்டிக்கு வெகு பக்கத்தில் அவ்வளவு குதிரைகள் அவ்வளவு வேகத்தில் வந்தன. ஆனால் டிக்கெட் வாங்கிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. எல்லாரும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்தார்கள்.

ஹைதர் போனார், திப்பு போனார், பந்தயம் நிலைத்துவிட்டது. 1896இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்தது. வெயில் காலத்தில் துரைமார் ஊட்டிக்குப் போனதால் குதிரைகளும் ஊட்டிக்குப் போயின. அங்கேயும் ஒரு ரேஸ் கோர்ஸ். துரைமார் கப்பலேறிய பிறகு ராஜாக்களும் செட்டியார்களும் குதிரை வைத்துக்கொண்டார்கள். செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி நாட்டிலேயே எவரும் வெல்லாத அளவுக்குக் கிளாசிக் பந்தயங்களை வென்று கின்னஸ் வரைக்கும் போனார். குதிரை வைத்துக்கொள்ள வசதியில்லாத சனங்கள் குதிரைமேல் பணம் கட்டும் வசதியை மட்டும் எப்படியோ உண்டாக்கிக்கொண்டார்கள்.

எலெக்ட்ரிக் ரயிலில் கிண்டியில் இறங்கிய கூட்டத்தில் அவர்களைத் தனியாக அடையாளம் காணலாம் என்பார்கள். கையில் நாலாக மடித்த ரேஸ் புத்தகம், காதில் பால்பாயின்ட் பேனா, சட்டைப்பையில் அன்றைய டிப்ஸ் எழுதிய துண்டுச் சீட்டு. எந்தக் குதிரைக்கு எந்தக் குதிரை அப்பன், போன வாரம் எத்தனை கிலோ சுமந்து எத்தனாவதாக வந்தது, மழை பெய்த தரையில் எந்த ஜாக்கி கெட்டிக்காரன் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். சொந்தப் பிள்ளை எத்தனாவது படிக்கிறான் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கட்டுகிற பணத்திலிருந்து முதலில் கிளப்புக்கு ஒரு பங்கு போகும், அரசாங்கத்துக்கு வரி போகும், மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். எந்தக் குதிரை ஜெயித்தாலும் வரி ஜெயிக்கும்.

அந்த வரியை வாங்கிக்கொண்டே அரசாங்கம் பந்தயத்தை ஒழிக்கவும் பாடுபட்டது. 1974இல் கருணாநிதி ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. ஏழைக் குடும்பங்கள் சூதாட்டத்தால் சீரழிகின்றன என்பது காரணம். நியாயமான காரணம்தான். அதே நாளில் பேருந்து நிலையத்துக்குப் பேருந்து நிலையம் அரசாங்கம் பரிசுச் சீட்டைக் கூவி விற்றுக்கொண்டிருந்தது என்பதைச் சட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள். லாட்டரியில் குதிரை இல்லை. அதனால் அது சூதாட்டம் இல்லை. 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சி வேறு வழி பார்த்தது. ஒழிக்க முடியாததை எடுத்துக்கொள்வோம் என்று கிளப்பையே அரசுடைமையாக்க ஒரு சட்டம். அரசே ஜாக்கி, அரசே புக்கி, அரசே போலீஸ்.

சட்டத்தை எதிர்த்து வழக்கு போனது. குதிரைகளைவிட அது நிதானமாக ஓடியது. 1996 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் கொடியைக் காட்டியது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் இல்லை. குதிரையின் ஆற்றல், அதன் வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன் எல்லாம் சேர்ந்த திறமை விளையாட்டு. 1986 சட்டம் செல்லாது. பணம் கட்டித் தோற்றவர்கள் எல்லாரும் தீர்ப்பைக் கேட்டுப் பெருமைப்பட்டார்கள். இவ்வளவு காலமும் அதிர்ஷ்டமில்லாதவன் என்று வீட்டில் திட்டு வாங்கியவர்கள், அன்றிலிருந்து திறமையில்லாதவன் என்று திட்டு வாங்கினார்கள்.

இத்தனை சட்டம் போட்டவர்கள் ஒரு சின்ன விஷயத்தைப் பார்க்கவில்லை: வாடகை. கிண்டியில் கிளப் இருந்த 160 ஏக்கர் சொச்சமும் அரசு நிலம். 1940களில் 99 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது. குத்தகைத் தொகை வருஷத்துக்கு 614 ரூபாய்ச் சொச்சம். மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு. ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை. குன்னம் பக்கத்தில் வானம் பார்த்த கரிசலில் ஒரு ஏக்கரை நாலு ரூபாய்க்குக் குத்தகை கேட்டால், கேட்டவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று மோர் வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். கிண்டியில் கேட்டார்கள், கிடைத்தது, பல பத்தாண்டு நீடித்தது. 1970இல் தாசில்தார் அலுவலகம் விழித்துக்கொண்டு வாடகையை ஏன் உயர்த்தக் கூடாது என்று நோட்டீஸ் அனுப்பியது. பத்திரத்தில் உயர்த்தலாம் என்று எழுதவில்லையே என்று கிளப் பதில் சொன்னது. அரை நூற்றாண்டு போனது.

கடைசியில் 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் கணக்கை எடுத்துப் பார்த்தது. 1970 முதல் 2004 வரைக்குமான வாடகை பாக்கி மட்டும் 730 கோடி ரூபாய்ச் சொச்சம். 614 ரூபாயில் கிளம்பிய குதிரை 730 கோடியில் வந்து நின்றது. கிண்டியில் இவ்வளவு வேகமாக ஓடியது வேறெதுவும் இல்லை. 2024 ஜூனில் ஊட்டி ரேஸ் கோர்ஸின் 52 ஏக்கரை 822 கோடி பாக்கிக்காக அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டி வாசலுக்கும் சீல் வைத்தார்கள். குதிரை ஓடிய இடத்தில் பூங்காவும் குளமும் என்று அறிவிப்பு வந்தது. கிளப் திரும்ப நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஓட்டத்துக்கு எல்லைக்கோடு போடுகிற வழக்கம் இல்லை.

ஆக, தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்துக்கு இடம் தேவைப்படுகிறது. பெரம்பலூர் – அரியலூர் மக்கள் சார்பாக ஒரு மனு போடலாம் என்று தோன்றுகிறது. இடம் இருக்கிறது, வெயில் இருக்கிறது, முன்னனுபவம் 1751இலேயே இருக்கிறது. மனுவின் முக்கிய அம்சங்கள்:

ஓடுபாதை இரண்டு மாவட்ட எல்லையில் அமையும். பெரம்பலூரில் கிளம்பி அரியலூரில் முடியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. 1995இல் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் ஆக்கினார்கள். 2001 ஜனவரி 1இல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002 மார்ச் 31இல் திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23இல் மறுபடி பிரித்தார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவரைத் தவிர யாருக்கும் இதில் நஷ்டமில்லை. குதிரை பாதி வழியில் இருக்கும்போது ஆட்சி மாறினால் கிளம்பிய மாவட்டத்திலேயே முடிந்ததாகக் கணக்கில் கொள்ள வேண்டும்.

குதிரைக்குச் சோறு போடக் கூடாது. கில்லேதார் பரம்பரையினர் இரண்டு வாரம் யோசித்துவிட்டுப் பணம் கட்டலாம். ஓட்டம் முடிந்த பிறகு கட்டக் கூடாது. ஐரோப்பியர்கள் ஓட விரும்பினால் தனி ரேஸ்.

குத்தகைத் தொகை ரூபாயில் வேண்டாம், சின்ன வெங்காயத்தில் அளக்க வேண்டும். விலை ஏறிய மாதத்தில் 614 ரூபாயை வைத்துக்கொண்டு மண்டிக்குப் போனால் ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். அப்போது எந்த அரசாங்கத்துக்கும் வாடகை குறைவு என்ற விஷயம் ஐம்பது வருஷம் கழித்துத் தெரியாது, அந்த வாரமே தெரியும்.

கடைசி அம்சம், கணக்கு எழுத ஆள். வாதவூரர் மாதிரி பக்திமான் வேண்டாம். கிளைவ் மாதிரி கெட்டிக்காரர் வேண்டவே வேண்டாம். குத்தகையைத் தவணை தவறாமல் கட்டிப் பழகிய, மக்காச்சோளத்துக்குப் போட்ட உரத்தின் விலையை ஒவ்வொரு பட்டத்துக்கும் மனப்பாடமாகச் சொல்கிற ஒரு கரிசல்காட்டு விவசாயி போதும். அவரிடம் திட்டத்தைக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் படித்துவிட்டு, கட்டுப்படியாகாது என்று மேலே எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார். பெரம்பலூர் – அரியலூரில் இதுவரை ரேஸ் கோர்ஸ் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.